ஆகஸ்டில் கடற்கரை ரிசோர்ட், 11 பேர், அம்மாவும் வருகிறார்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)
வணக்கம் எல்லோருக்கும். இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டு எனக்கு விழுந்திருக்கிறது. அதில் ஒரு பங்கை எடுத்து ஆகஸ்ட் லீவில் குடும்பத்தோடு இரண்டு இரவு கடற்கரையில் தங்குவது என்று முடிவு. மொத்தம் 11 பேர். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, இரவு 9 மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார். அண்ணன் பிள்ளைகளுக்கு 16, 14, என் மகளுக்கு 7. பெரிய பிள்ளைகள் கேட்பது பாட்டு, நீச்சல் தடாகம், இரவில் டிஜே எல்லாம் உள்ள கலகலப்பான இடம். தென்மேற்குக் கரையில் பெந்தோட்டைப் பக்கம் அப்படி ஒரு ரிசோர்ட்டில் ஆகஸ்டுக்கு விலை நன்றாகக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். அட்வான்ஸ் கட்டலாமா? எங்கள் வீட்டில் யாருக்கும் நீந்தத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை கடலுக்குப் போனதெல்லாம் காலையில் போய் இரவே வேனில் திரும்பியதுதான், அதற்கும் அம்மா வந்ததில்லை.

பண்டாரவளைக்காரன்
அக்கா, அட்வான்ஸ் கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். விலை ஏன் குறைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மேலே நம் மலையகத்தில் ஹட்டனிலும் நோர்வூட்டிலும் மழை கொட்டும் அதே மாதங்களில் பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாப் பக்கமும் கடல் கொந்தளிக்கும். சிவப்புக் கொடி ஏற்றிவிட்டால் காலைக்கூட நனைக்க முடியாது. அந்தக் கரைக்கு நவம்பர் கடைசி தொடங்கி ஏப்ரல் வரைதான் நல்ல காலம். ஆகஸ்டில் போவதென்றால் கிழக்கு: பாசிக்குடா, நிலாவெளி, உப்புவெளி, அறுகம்பை. அதிலும் அறுகம்பை அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களின் இடம், அலை பெரிது, நீந்தத் தெரியாத குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பாசிக்குடாதான். குடாவுக்குள் அலை அடங்கி, தண்ணீர் வெகுதூரம் வரைக்கும் இடுப்பளவுதான் இருக்கும்.

மேல்பிரிவு (பொகவந்தலாவை)
நான் அப்படி நினைக்கவில்லை அண்ணே. போன ஜூலையில் நாங்கள் தெற்கில்தான் தங்கினோம், பிள்ளைகள் தடாகத்தை விட்டு வெளியே வரவே இல்லை, கடலை அறையிலிருந்து பார்த்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அங்கேயும் ஒருநாள்தான் மழை. பொகவந்தலாவையிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக இறங்கி அதிவேகப் பாதையைப் பிடித்தால் வயதானவர்களுக்கு அலைச்சல் குறைவு. கிழக்குக்குப் போவதில் பாதி நாள் பாதையிலேயே போய்விடும்.

பண்டாரவளைக்காரன்
அதுவும் உண்மைதான் தம்பி, தடாகம் போதும் என்கிறவர்களுக்குத் தெற்கில் அந்த மாதங்களில் நல்ல விலைக்கு நல்ல அறை கிடைக்கும். ஆனால் இந்த அக்கா வீட்டில் அம்மா முதன்முறையாகக் கடலுக்கு வருகிறார். கொடியைப் பார்த்துவிட்டு அவர் கரையிலேயே நின்று திரும்பினால் மனசு கேட்காது, அதனால்தான் சொன்னேன்.

பசறை அக்கா
பாசிக்குடாவுக்குப் பாதை நான் சொல்கிறேன், எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா, செங்கலடி. செங்கலடியில் கடற்கரைப் பாதை வந்துவிடும், அங்கிருந்து வடக்கே திரும்பி வாழைச்சேனைப் பக்கம் போக வேண்டும். விடிய 4 மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குப் போய்விடலாம். பெரும்பாலான ஹோட்டல்களில் அறை தருவது பிற்பகல் 2 மணிக்குத்தான் என்பதால் அவசரப்படவும் தேவையில்லை. மழை பெய்திருந்தால் மண்சரிவால் பாதை எங்காவது மூடியிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கண்டி வழியாகப் போகிற எண்ணம் இருந்தால் பெரஹரா (தலதா மாளிகை ஊர்வலம்) நாட்களாக இருக்கிறதா என்று பாருங்கள், ஊருக்குள் மாட்டினால் அவ்வளவுதான். டிரைவரிடம் சொல்லுங்கள், இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது, சின்ன கியரில் வர வேண்டும். 11 பேரும் சாமானும் ஏற்றிய வேன் என்பதை மறக்கக் கூடாது.

அப்புறம் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். தடாகத்துக்குப் போடுகிற உடுப்பு. நாங்கள் ஒரு ஹோட்டலுக்குப் போனபோது நானும் தங்கச்சியும் சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினோம், உடனே வந்து வெளியே வரச் சொன்னார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள், பிள்ளைகள் உள்ளே நின்று அழுகிறார்கள். அவமானமாக இருந்தது. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, பருத்தித் துணியிலிருந்து நூல் பிரிந்து தண்ணீர் சுத்திகரிக்கிற வடியில் அடைத்துக்கொள்ளுமாம், அதனால்தான் பல இடங்களில் பருத்தி, ஜீன்ஸ், சாரம் எதுவும் விடுவதில்லை. ஒருவகையில் நமக்கும் அதுதான் நல்லது, நனைந்த பருத்தி கனத்துக் காலைச் சுற்றும். கால்வரை, கைவரை மூடுகிற நீச்சல் உடுப்பு நைலோன், லைக்ரா துணியில் கண்டியிலும் கொழும்பிலும் கிடைக்கிறது. உடம்பு தெரியுமே என்ற கூச்சம் வேண்டாம், நம் பெண்கள் நிறையப் பேர் இப்போது அதைத்தான் போடுகிறார்கள். போவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள், ஹோட்டலுக்குள் இருக்கிற கடையில் விலை அதிகம்.

கொழுந்துக்கூடை
ஐயோ, நாங்களும் சுடிதாரோடுதான் இறங்கியிருப்போம். நன்றி அக்கா. பாசிக்குடா என்றே வைத்துக்கொள்கிறேன். இப்போது அறை பற்றிச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சத்தம் வேண்டும், அம்மாவுக்குத் தூக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் எப்படி?

கரையோரத் தம்பி
அக்கா, நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன். ஆறு வருடமாகக் கடற்கரை ஹோட்டல்களில் வேலை, முதலில் சாப்பாட்டு மண்டபத்தில், இப்போது முன் அலுவலகத்தில். உங்கள் கேள்வியைத்தான் தினமும் சந்திக்கிறேன்.

"அமைதியான அறை" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா அறையும் அமைதி என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: பாட்டு எந்த இடத்தில் நடக்கிறது, தடாகத்துக்குப் பக்கத்திலா, பாரிலா, கடற்கரையிலா? எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள்? அந்த இடத்திலிருந்து தள்ளி மறுபக்கம் இருக்கிற கட்டடம் எது? அந்தக் கட்டடத்தில், ஸ்பீக்கர் பார்க்கிற திசைக்கு முதுகு காட்டுகிற அறை கொடுங்கள் என்று சொல்லுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் இருந்தால் கீழ்த்தளம், ஆனால் சமையலறை, ஜெனரேட்டர், தடாகத்தின் மோட்டார் மூன்றுக்கும் தள்ளி. லிப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், கடற்கரை ரிசோர்ட் பலதில் இரண்டு மாடிக்கு லிப்ட் வைப்பதில்லை. பிள்ளைகளின் அறை பாட்டுப் பக்கம் இருக்கட்டும், எல்லோரையும் ஒரே வரிசையில் போடச் சொல்லாதீர்கள். நம் ஆட்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசை மாதிரி எல்லா அறையும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று கேட்கிறார்கள், கடைசியில் ஒன்று எல்லோரும் சத்தத்தில் மாட்டுகிறார்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள்.

சாதாரண நாளில் பாட்டு குறைவு. வெள்ளி, சனி இரவுதான் ஆட்டம். ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்பினால் விலையும் இறங்கும், தடாகத்தில் இடமும் இருக்கும். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை, பார் மூடியிருக்கும். அமைதியாக இருக்க விரும்புகிற குடும்பங்கள் சில அந்த நாளைப் பார்த்தே வருகிறார்கள்.

விலை விஷயம் கவனம். இணையத்தில் 30,000 ரூபா என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரி சேரவில்லை என்று அர்த்தம். 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 33,000. அதன் மேல் 18 வீத வற் வரி, ஆக 38,940. நான்கு அறை, இரண்டு இரவு என்றால் எவ்வளவு வித்தியாசம் என்று கூட்டிப் பாருங்கள். "எல்லாம் சேர்த்துக் கடைசி விலை என்ன" என்று கேட்டு அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். உள்நாட்டவர் விலை தனியாக இருக்கும், நேரடியாக ஹோட்டலுக்கு அழைத்தால்தான் பல நேரம் அது தெரியவரும். அதற்குப் பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். பிள்ளைகளுக்கு எந்த வயதுவரை இலவசம், எந்த வயதுக்குப் பாதி என்பது இடத்துக்கு இடம் மாறும், உங்கள் மகளின் வயதைச் சொல்லியே கேளுங்கள்.

லிந்துலை வாத்தியார்
தம்பி நல்ல விளக்கம். நான் கடலைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஆற்றையும் நீர்வீழ்ச்சியையும் பார்த்து வளர்ந்தவர்கள். டெவொன், சென்கிளேயர் பக்கம் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கடல் அப்படி இல்லை. சில வருடங்களுக்கு முன் தெற்குக் கரையில் என் தங்கை மகன், வயது 19, முழங்கால் அளவு தண்ணீரில்தான் நின்றான். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது, அவன் நின்ற இடத்தில் மட்டும் அலை இல்லை, அமைதியாக இருக்கிறதே என்று அங்கே போனான். அந்த அமைதியான பட்டைதான் ஆபத்து. அலைகள் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் திரும்பக் கடலுக்குள் ஓடுகிறது. இரண்டு நிமிடத்தில் அவனைக் காணோம். கரையில் அலைப்பலகை வாடகைக்கு விடுகிற ஒரு பையன் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் பிடித்தான். அந்தப் பையனின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம் என்று என் தங்கை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்படி இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, அதில்தான் களைத்து மூழ்குகிறார்கள். பதறாமல் மல்லாந்து மிதந்து, சீராக மூச்சு விட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். பார்க்கிறவர்கள் குதிக்கக் கூடாது. மிதக்கிற பொருள் எதையாவது வீசுங்கள், மூடிய வெற்றுத் தண்ணீர்க் கேன் கூடப் போதும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர் கண் வைத்திருக்கிறார், அங்கே மட்டும் இறங்குங்கள். பாசிக்குடா அமைதி என்றாலும் 7 வயதுப் பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தடாகத்திலும் அப்படித்தான், ஆழம் எங்கே தொடங்குகிறது என்று முதலில் நடந்து பார்த்துவிடுங்கள்.

குடித்துவிட்டு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை வேன் கிளம்புவதற்கு முன்பே வீட்டு ஆண்களிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போன பிறகு சொன்னால் சண்டைதான் வரும். ஆம்புலன்ஸுக்கு 1990, காசு கிடையாது. பொலிஸுக்கு 119. இரண்டையும் பிள்ளைகளின் போனிலும் பதியுங்கள். 2004 டிசம்பர் 26 பார்த்த நாடு இது, அதனால் போனவுடன் சுனாமி வெளியேறும் வழிப் பலகை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல் உள்பக்கம் ஓட வேண்டும்.

மேல்பிரிவு (பொகவந்தலாவை)
வாத்தியார் சேர், இதைப் படித்ததும் போன வருடப் படங்களை எடுத்துப் பார்த்தேன். என் தம்பி நிற்கிற இடம் நீங்கள் சொன்ன அந்த அலை இல்லாத பட்டைதான். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஊவாக்காற்று (ஹாலிஎல)
சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. புஃபேயில் நம் ஆட்கள் முதல் இரவே எல்லாவற்றையும் போட்டுச் சாப்பிட்டு, மறுநாள் வயிற்றோடு அறையிலேயே கிடப்பார்கள். இறால், நண்டு, கணவாய் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், சிலருக்கு உடம்பு தடித்துவிடும். காலைச் சாப்பாடு மட்டும் உள்ள அறையா, இரவும் சேர்ந்ததா, மூன்று வேளையுமா என்று கேட்டு எடுங்கள். 11 பேருக்கு இரவும் சேர்ந்தது சரிவரும், மதியத்துக்கு வெளியே ஒரு கடையில் சோறு கறி சாப்பிடலாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், ஆனால் வேனில் போகும்போது ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போவதை யாரும் தடுக்க முடியாது. அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நுளம்பு! நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் இருக்கிறவர்களுக்கு இந்த நினைப்பே வராது. பூசுகிற மருந்து கொண்டுபோங்கள். வெயிலும் அப்படித்தான், நமக்கு வெயில் என்றால் இதமானது. அங்கே கச்சான் காற்று அடிக்கிற காலம், அனல் மாதிரி. 11 மணியிலிருந்து 3 மணிவரை பிள்ளைகளை நிழலில் வைத்திருங்கள், செவ்விளநீர் வாங்கிக் கொடுங்கள்.

கரையோரத் தம்பி
சாப்பாட்டு மண்டபத்தில் நின்றவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். புஃபே திறந்த முதல் அரைமணி நேரத்தில் போங்கள், எல்லாம் சூடாக இருக்கும், வரிசையும் இருக்காது. அம்மாவுக்குக் குழைந்த சோறு, பருப்பு, ரசம் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். எந்தக் கடற்கரை ஹோட்டலுக்குப் போனாலும் நம் மலையகத்திலிருந்து வந்த பையன் ஒருவனாவது இருப்பான், தமிழில் பேசிப் பாருங்கள். வீட்டு ஞாபகத்தில் இருக்கிறவனுக்கு "எந்தத் தோட்டம் தம்பி" என்று ஒரு அம்மா கேட்டால் அன்றைய களைப்பே போய்விடும், எனக்கு அது நடந்திருக்கிறது.

அறைக்குள் போனவுடன் குளிர்பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுங்கள், உடைந்தது, கறை படிந்தது இருந்தால் அதையும். கடைசி நாள் 12 மணிக்கு அறையைக் கொடுத்துவிட்டாலும் பைகளை எங்களிடம் வைத்துவிட்டு மாலைவரை இருக்கலாம், குளித்து உடுப்பு மாற்றப் பொதுவான இடம் இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

கொழுந்துக்கூடை
போய் வந்துவிட்டோம். எழுதவே வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறு போய்ச் செவ்வாய் வந்தோம். தம்பி சொன்னபடியே கேட்டதில் அம்மாவுக்கும் எனக்கும் தோட்டத்துப் பக்கம் கீழ்த்தளத்தில் அறை, பிள்ளைகளுக்குத் தடாகத்துக்கு மேலே. திங்கள் இரவு ஒரு குழு வந்து பைலா பாடினார்கள், அண்ணன் மகள் ஆடி முடித்து வந்தபோது நாங்கள் தூங்கிவிட்டிருந்தோம், ஒரு சத்தமும் கேட்கவில்லை. அண்ணன் முதல் நாள் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், குடித்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று வாத்தியார் சேர் எழுதியதை அப்படியே அவருக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் மாலைவரை தொடவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று. அம்மா 38 வருடம் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் பதிவதற்கு) எழுந்து பழகியவர், 5 மணிக்கு மேல் அவரால் படுத்திருக்க முடியாது. நானும் கூடப் போனேன். இரவு முழுக்க ஆட்டமாக இருந்த அதே இடத்தில் அந்த நேரம் ஒரு ஆள் இல்லை, தடாகத்தில் இலை பொறுக்குகிற பையன் மட்டும். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்துதான் எழுந்து வருகிறது. தண்ணீர் தட்டையாக, வெதுவெதுப்பாக இருந்தது. அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார், நான் கையைப் பிடித்திருந்தேன். இடுப்பளவுக்குக்கூடப் போகவில்லை. முழங்கால் வலி தெரியவில்லை என்று மூன்று தடவை சொன்னார். 8 மணிக்குப் பிறகு கூட்டம் வரத் தொடங்கியதும் தானாகவே எழுந்து வந்துவிட்டார். கலகலப்பான ஹோட்டலில் வயதானவர்களோடு தங்குகிறவர்கள் அந்த விடியற்காலை மூன்று மணித்தியாலத்தை விட்டுவிடாதீர்கள்.

குறை என்றால், பாதை நீளம்தான். லுணுகலை வளைவுகளில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அப்புறம் படகுக்காரரிடம் விலை பேசாமல் ஏறிவிட்டோம், இறங்கும்போது இரட்டிப்பாகக் கேட்டார், பாதியில் முடிந்தது. ஏறுவதற்கு முன்பே ஆளுக்கா படகுக்கா என்று பேசிக்கொள்ளுங்கள், உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

நானுஓயாத் தங்கை
அக்கா, நாங்கள் டிசம்பர் 30, 31 போக இருக்கிறோம். அதே இடத்துக்குப் போகலாமா?

பண்டாரவளைக்காரன்
வேண்டாம் தங்கச்சி. டிசம்பரில் கிழக்கில் வாடைக்காற்று, மழையும் கடல் கொந்தளிப்பும் அந்தப் பக்கம். அப்போது தெற்கு, தென்மேற்குக் கரையைப் பாருங்கள்.

கரையோரத் தம்பி
கூடவே இதையும் கேளுங்கள்: 24, 31 இரவுகளில் பல ஹோட்டல்கள் விசேட இரவு விருந்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாயமாகச் சேர்ப்பார்கள், அறை விலையில் அது தெரியாது. அன்றைக்குப் பாட்டு நள்ளிரவு தாண்டியும் நடக்கும், எந்தக் கட்டடத்தில் படுத்தாலும் கேட்கும். சின்னப் பிள்ளை இருந்தால் ஜனவரி 3, 4 என்று தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

நானுஓயாத் தங்கை
ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கிறது அண்ணா. அவரிடம் பேசிவிட்டு ஜனவரிக்கே கேட்கிறேன்.